படியேறும் நாய்க்கு என்ன வாங்கலாம்? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மைசூரில் வசிக்கிறேன். சாமுண்டி மலையின் கற்படிகளில் ஏறும்போது என் லாப்ரடாரின் பாதம் தேயாமலிருக்க, 1,400 ரூபாய் கொடுத்து நாய்களுக்கான பூட்ஸ் வாங்கினேன். நந்தி சிலையை எட்டுவதற்குள் இரண்டின் அடிப்பகுதி பிரிந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் அனுப்பிவிட்டார்.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு கடைகள் மக்களின் வாயை அடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பில் தராமல் விற்பதும் அப்படித்தான். தையல் விட்ட இடம் தெரியும்படி படமெடுத்து, பில் நகலுடன் கடைக்கு எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் தீரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். தானாகப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுருளும் லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் கயிறு) ஒன்றை நான் வாங்கிய மூன்றாவது வாரம், கற்படிகளில் இறங்கும்போது, அந்தப் பெட்டியின் வாயில் உராய்ந்து நைந்திருந்த கயிறு அறுந்து, என் நாய் பத்துப் படிகள் உருண்டு முன்னங்காலில் அடிபட்டது. பில்லைக் குப்பையில் போட்டிருந்தேன். ‘இங்கே வாங்கியதே இல்லை’ என்று கடையில் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. படிகளுக்கு ஐந்தடி நீளமுள்ள சாதாரணத் துணி லீஷே போதும்.

கேள்வி: இணையத்தில் ‘எல்’ அளவு ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கினேன். நாய் அதிலிருந்து நழுவிவிடுகிறது. திருப்பி அனுப்பும் காலமும் முடிந்துவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. நீங்கள் அளவெடுக்கவில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பின் அகன்ற இடத்தில் டேப் வைத்து அளந்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பொருள் வந்த அன்றே அணிவித்து, பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் மட்டும் நுழைகின்றனவா என்று பார்த்திருந்தால், திருப்பி அனுப்பவும் நேரம் இருந்திருக்கும்.

கேள்வி: குளிர்ச்சி தரும் ஜாக்கெட் அணிவித்தால் என் பக் நாயைக் காலை பத்து மணிக்குப் படியேற்றலாமா?

பதில்: கூடாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது; பக் நாயின் குறுகிய மூக்கும் தொண்டையும் அதற்கு இடம் தருவதில்லை. நனைத்து அணிவிக்கும் ஜாக்கெட்டில் நீர் ஆவியாகும் வரைதான் குளிர்ச்சி இருக்கும். உலர்ந்துவிட்டால் அது இன்னொரு போர்வைதான். விடியற்காலையில் சமதரையில் நடத்துங்கள்.

கேள்வி: எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு, தண்ணீர் சுமக்க முதுகுப்பை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. தண்ணீரை நீங்கள் சுமந்து செல்லுங்கள்.