பழைய வாசக்காலையும் மச்சுப் பலகைகளையும் மரபு முறையில் திரும்பப் பொருத்த முடியுமா?

தர்மபுரிக்கு அருகே தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிப்பதாகவும், தலைவாசல் வாசக்காலின் கால்கள் அடியில் உளுத்துப் போயிருப்பதாகவும், மச்சின் (மரத்தாலான மேல்தளத்தின்) பலகைகள் நடக்கும்போது ஆடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாசக்காலை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சிமெண்டு வைத்து நிறுத்தலாம் என்று கொத்தனார் சொல்கிறார். பழையதைக் காப்பாற்ற முடியாதா, ஆணியும் சிமெண்டும் போதாதா என்பது உங்கள் கேள்வி. என் தந்தையார் பாலக்கோடு வட்டாரத்தில் தச்சு வேலை செய்தவர். நானும் அவரிடம் கற்று அதே தொழிலைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்த நிலையில் உள்ள வாசக்காலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் அதைக் கெடுத்தது எது என்று தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கினால், புதிய மரமும் அதே இடத்தில், அதே விதமாகக் கெடும்.

மரம் அறுபட்டுச் சட்டமான பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும். வறட்சியில் அதை விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் உண்டு; அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேக்கு மிகக் குறைவாக அசையும் மரம் என்று பெயர் பெற்றது. அதிலேயே, வளையங்கள் படுக்கையாக அமையுமாறு அறுத்த 9 அங்குலப் பலகை ஒன்று, ஈரம் 4 சதவீதம் கூடினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். வேம்பு அதைவிட அதிகமாக அசையும், முறுக்கவும் செய்யும். பங்குனி, சித்திரையில் வறண்டு, ஆவணியிலிருந்து ஐப்பசி வரை மழை பெய்யும் நம் பகுதியில் இந்த அசைவு ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருக்கிறது. பழைய தச்சர்கள் இதைத் தடுக்க முயலவில்லை. மரம் அசைந்தாலும் பிடி விடாத இணைப்புகளைச் செய்தார்கள்.

உங்கள் வாசக்காலின் மேல் மூலையை உற்றுப் பாருங்கள். மேல்சட்டம் கால்களோடு முடிந்துவிடாமல் இருபுறமும் சில அங்குலம் நீண்டு சுவருக்குள் சென்றிருக்கும். அந்த நீட்சியைக் கொம்பு என்போம். அது சுவரைப் பற்றுவதற்காக மட்டும் விடப்பட்டதன்று. காலின் தலை நுழையும் துளைக்கு அப்பால் போதிய மரம் இல்லையென்றால் ஆப்பு இறுகும்போது சட்டத்தின் நுனி பிளந்துவிடும் என்பதும் அதற்குக் காரணம். காலின் தலையில், சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கழுந்து (துளைக்குள் நுழையுமாறு மெலிதாகச் செதுக்கிய முனை) எடுத்து, மேல்சட்டத்தில் அதே அளவுக்குத் துளை பொளிந்து இறக்கியிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில், கழுந்தும் அதைச் சூழ்ந்த இரு கன்னங்களும் சம பலத்தோடு நிற்கும். கழுந்தைத் தடிப்பாக்கினால் கன்னம் பிளக்கும், மெலிதாக்கினால் கழுந்து ஒடியும்.

இந்த இணைப்பைப் பூட்டுவது குறுக்கே அடித்த மூங்கில் ஆணியோ, கருவேல வைரத்தில் (மரத்தின் கெட்டியான உட்பகுதியில்) சீவிய மர ஆணியோதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் மேல்சட்டத்தின் கன்னங்களில் துறப்பணத்தால் துளையிட்டு, கழுந்தை உள்ளே செலுத்தி, துளையின் இடத்தைக் கழுந்தின் மேல் குறித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். கழுந்தில் துளையிடும்போது, குறித்த இடத்திலேயே போடாமல், காலின் தோளை (கழுந்தின் அடியில் உள்ள படியை) நோக்கி அரை நூல் அளவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளிப் போட வேண்டும். மீண்டும் சேர்த்து, நுனி கூராகச் சீவிய ஆணியைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது, விலகி நிற்கும் துளைகளை நேர்ப்படுத்த முயலும் ஆணி கழுந்தை உள்ளே இழுத்துத் தோளை மேல்சட்டத்தோடு இறுக்கிவிடும். பசை தேவைப்படாது. மரம் சுருங்கும் கோடையிலும் அந்த இழுவிசை விடாது. இரும்பு ஆணியால் இது நடக்காது. வேங்கை போன்ற துவர்ப்புள்ள மரங்களில் ஈரம் பட்டால் இரும்பைச் சுற்றிக் கருமை படர்ந்து, துரு பெருகி, அந்த இடத்து நாரும் தளர்ந்து போகும்.

கழற்றும்போது பொறுமை மிகவும் தேவை. அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: வாசக்காலுக்கு மேலே தனியாகக் கல்லோ மரமோ தாங்கு விட்டமாக இருக்கிறதா? பல பழைய வீடுகளில் வாசக்காலை முதலில் நிறுத்தி, பிறகு அதன் இருபுறமும் சுவர் எழுப்பியதால், மேல்சட்டமே சுவரின் பாரத்தைச் சுமந்து நிற்கும். அப்படியானால் இருபக்கமும் முட்டுக் கொடுத்துப் பாரத்தை மாற்றாமல் ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. இதில் சந்தேகம் இருந்தால் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள். பாரம் இல்லை என்று உறுதியானபின், இரு கால்களையும் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தாலும் மூலைகளில் சாய்வுப் பட்டைகளாலும் பிணைத்துக்கொண்டு, சுவரின் பிடியை மெல்லத் தளர்த்தி, முழுச் சட்டத்தையும் ஒரே பொருளாக வெளியே எடுக்கலாம். மூலையைப் பிரிக்க வேண்டியிருந்தால் கடப்பாரையை நுழைத்து நெம்பாதீர்கள். மர ஆணி ஒரு முனையில் சிறுத்திருக்கும். அந்தச் சிறிய முனையிலிருந்து அடித்தால் வந்த வழியே வெளியேறிவிடும்.

இனி உளுத்த அடிப்பாகம். உளியின் முனையால் குத்திக்கொண்டே மேலே செல்லுங்கள். உளி மென்மையாக இறங்குவது நின்று, மரம் எதிர்க்கத் தொடங்கும் இடத்துக்கு மேலேயும் சில அங்குலம் வெட்டி எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஓரடி, ஒன்றரை அடிக்கு மேல் போகாது. அங்கே நேர்குறுக்காக அறுத்துப் புதுத் துண்டை முட்டவைத்து ஆணியடிப்பது பயனற்றது. சட்டத்தின் கனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, இரு முனைகளிலும் சிறு படி விட்டு, அதே இன மரத்தில் அதே சாய்வில் செய்த துண்டைப் பொருத்தி, மர ஆணிகளால் பூட்ட வேண்டும். சாய்வின் தாழ்ந்த முனை தெருப்பக்கம் வர வேண்டும். அப்போதுதான் முகப்பில் வழியும் மழைநீர் இணைப்புக்குள் ஏறாமல் வெளியே சொட்டும். பசை போடுவதும் தவறில்லை. முன்பு வச்சிரம் காய்ச்சினார்கள், ஆனால் அது ஈரத்தில் இளகும் என்பதால் வாசலுக்கு இன்றைய நீர் தாங்கும் பசையே மேல். மரம் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். 1 அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு. அறுவை மில்லில் அன்றன்று அறுத்த சட்டத்தில் இந்த வேலையைச் செய்ய நான் உடன்பட மாட்டேன். பழைய வீடுகளை இடித்த மரம் விற்கும் கடைகளில் கிடைக்கும் தேக்குச் சட்டம் இதற்கு மிகப் பொருத்தமானது.

அந்த அடிப்பாகம் ஏன் உளுத்தது என்பதே இந்தப் பதிலில் நான் வலியுறுத்த விரும்புவது. காலின் அடிமுனையில் மரத்தின் நார்க்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டில் ஏறும் நீரைவிட அவற்றின் வழியே ஏறும் நீர் பல மடங்கு விரைவானது. பழைய வீட்டில் அந்த முனை கருங்கல் படியின் மேல் உட்கார்ந்திருந்தது. பிற்காலத்தில் யாரோ தரையை உயர்த்திச் சிமெண்டோ ஓடோ பதித்திருப்பார்கள். காலின் கடைசி இரண்டு அங்குலம் அதற்குள் புதைந்துவிட்டது. தரை கழுவும் நீர் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் தங்கி, வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள் ஏறியது. நான் பிரித்துப் பார்த்த வாசக்கால்களில் கரையானால் தொடங்கிய சேதத்தைவிட இப்படித் தொடங்கி, பிறகு கரையான் சேர்ந்துகொண்டதே அதிகம். ஆகவே முடிந்த தரைமட்டத்தைவிட அரை அங்குலமாவது உயர்ந்து நிற்குமாறு இரு கால்களுக்கும் அடியில் கல் வையுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டிலும் பலகைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லின் மேல்முகம் வெளிப்பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கட்டும். காலின் அடிமுனையைக் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கோடு கீறிச் சீவிப் பொருத்தி, அந்த முனை குடிக்கும் மட்டும் ஆளிவிதை எண்ணெயைச் சூடாகத் தடவுங்கள். வாசக்கால் வைக்கும் நாளில் நவதானியம், நாணயம் இடுவது நம் வழக்கம். அதை நானும் மனமார மதிக்கிறேன். அவற்றைக் கல்லுக்கு அடியில் இடுங்கள்; மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈரம் காக்கும் எதுவும் இருக்க வேண்டாம்.

நிறுத்தும்போது தூக்குக்குண்டை ஒவ்வொரு காலிலும் இரண்டு முகங்களில் பிடித்துப் பார்க்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். ஆனால் முறுக்கு இல்லை என்று அது காட்டாது. அதற்கு எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். பிறகு மேலே இருந்த நூலைக் கீழே மாற்றியும் பாருங்கள். ஒரு முறை இடைவெளி, மறுமுறை உரசல் என்றால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அப்படியே விட்டால் கதவின் ஒரு மூலை எந்நாளும் ஒட்டாது. இடைவெளிகளை எதிரெதிராகச் செருகிய ஆப்பு இணைகளால் இறுக்கி, சுவருக்குள் மறையும் முகத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசி, மண் அல்லது சுண்ணாம்புச் சுவரானால் சுண்ணாம்புக் காரையையே அடைக்கச் சொல்லுங்கள். சிமெண்டு அத்தகைய சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் மரத்தின் பக்கம் திருப்பும். காரை நன்கு காயும்வரை குறுக்குச் சட்டத்தை எடுக்காதீர்கள். ஈரச் சுவர் கால்களை உள்நோக்கித் தள்ளும்.

மச்சைப் பொறுத்தவரை, முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் அது வேறு வேலை. இங்கே சொல்வது பொருந்தாது. பலகைத் தளம் என்றால், ஆட்டம் பலகையிலா, அதைத் தாங்கும் கட்டையிலா என்று பிரித்தறிய வேண்டும். சுவருக்குள் செல்லும் கட்டை முனைகளைக் கீழிருந்து உளியால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் முனை உளுத்திருக்கிறது. அதை நேராக்காமல் மேலே புதுப் பலகை போடுவதில் பயனில்லை. மாற்றும் கட்டையை எப்போதும் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள்: 2 அங்குலத்துக்கு 6 அங்குலக் கட்டையைப் படுக்கையாக வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் தாங்கும் பலம் மூன்று மடங்கும், வளையாமை ஒன்பது மடங்கும் கூடும். முனையை ஒரு கற்துண்டின் மேல் அமர்த்தி, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட்டு, காரை படாமல் காற்றோட்டமாக வையுங்கள்.

கட்டைகள் உறுதியாக இருந்தால் பலகையின் ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும், இருபுற விளிம்பிலும் ஆணியடித்து அதை அசையவிடாமல் செய்ததுதான். விரிய முடியாத பலகை நடுவில் எழும்பி ஆணியைப் பிடுங்குகிறது. ஒரு விளிம்பில் நாக்கும் (நீட்டிய விளிம்பு) மறு விளிம்பில் காடியும் (பள்ளம்) வெட்டிய பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒவ்வொரு பலகையையும் நாக்கின் வேரில் சாய்வாக ஒருபுறம் மட்டும் பிடித்தால், மறுபுறம் உள்ள காடி பக்கத்துப் பலகையின் நாக்கின் மேல் நகர்ந்துகொள்ளும். சுவர் ஓரம் அரை அங்குலம் இடைவெளி விட்டு அதைப் பத்தையால் மறைக்க வேண்டும்; பத்தையைச் சுவரோடு பிடியுங்கள், தளத்தோடு அல்ல. சித்திரையில் பலகை போடுவதானால், மரம் மிகச் சுருங்கியிருக்கும் நேரம் என்பதால், பலகைகளுக்கு இடையே தாள் கனத்துக்கு இடம் விடுங்கள். ஐப்பசியில் போடுவதானால் நெருக்கியே போடலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தின் குளிர்ந்த காற்றில் கிடந்த மரத்தை வாங்கினால், தர்மபுரியின் வெப்பத்துக்குப் பழக, அந்த அறையிலேயே இடையிடையே குச்சி வைத்துச் சில வாரங்கள் அடுக்கி வைத்த பிறகே இழைப்புளி போடச் சொல்லுங்கள்.