பழைய மச்சு வீட்டில், கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

வேண்டாம். நான் அடைத்துப் பார்த்து அவதிப்பட்டவன்.

கும்பகோணத்தில் எங்கள் பாட்டி வீடு. வரிசையாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சன்னமான செங்கல்லை நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்பில் அடுக்கிய மச்சு. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அதுதான். கூடத்தில் ஊஞ்சலுக்கு நேர் மேலே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை விழுந்துவிட்டது. ஒரு சட்டி சிமெண்ட் கலவையை அப்பி, தேய்த்து, வெள்ளையும் அடித்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அது ஒரே வில்லையாக ஊஞ்சல் பலகையில் விழுந்தது. நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. திருப்பிப் பார்த்தால் சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. முதுகில் பழைய காரையை விரல் கனத்துக்குப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

சுண்ணாம்புக் காரை மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விறைப்பு; ஈரத்தை மறித்துவிடும். இரண்டும் சேரும் இடம் ஊறி ஊறி மாவாகிவிடுகிறது.

அப்புறம்தான் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனார் கிடைத்தார். அவர் ஓட்டையை அண்ணாந்துகூடப் பார்க்காமல் நேரே மொட்டைமாடிக்குப் போனார். அங்கே பதித்த தட்டை ஓடுகளின் இடுக்கெல்லாம் வாய் பிளந்து கிடந்தது, கைப்பிடிச் சுவரோரம் ஓர் அரசங்கன்று. அதைச் சரிசெய்து, மச்சு நன்றாகக் காய்ந்த பிறகே கீழே கை வைத்தார். கரண்டிப் பிடியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனார். பிடிப்புள்ள இடத்தில் கணீரென்றது, பிடிப்பு விட்ட இடத்தில் பொத் பொத்தென்றது. "தம்பி, இது தட்டு இல்ல, தாம்பாளம்" என்று கரிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். அத்தனையையும் கொத்தி எடுத்தோம். அந்த நேரத்திலேயே சட்டங்களை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி புதைந்தால் கறையானோ உளுப்போ இருக்கிறது, முதலில் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

கலவை: ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு. மணலில் கொஞ்சத்தைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்த்தால் சீக்கிரம் இறுகும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரில்தான் எங்கள் கொத்தனார் குழைத்தார். செங்கல்லை நன்றாக நனைத்து, இடுக்குகளில் கலவை ஏறும்படி வீசி அடிக்க வேண்டும். ஒரே தடவையில் முழுக் கனமும் ஏற்றினால் தன் பாரத்திலேயே தொங்கிவிடும். அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு பூச்சு, அது இறுகியதும் கீறிவிட்டு அடுத்தது. நாங்கள் மூன்று பூச்சு பூசினோம். ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் கல்லாகும், அவசரப்படுத்த முடியாது. கண்ணாடி போடாமல் அண்ணாந்து நிற்காதீர்கள்; சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து.

மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் மறுபடி ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஓட்டைக்குள் செங்கல்லுக்குப் பதில் துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அப்படியானால் உங்களுடையது கான்கிரீட் தளம், நான் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. துரு உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.