இது எந்தப் பாடத்துக் கணக்கு?

வணக்கம் ஐயா,

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பிள்ளைகளுக்கு, பல நாட்டு 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வில் 2012இல் வந்த ஃபூஜி மலைக் கணக்கைக் கொடுத்தேன். பாதை 9 கிலோமீட்டர். ஏறும் வேகம் மணிக்கு 1.5 கிலோமீட்டர், இறங்கும் வேகம் அதில் இரண்டு மடங்கு. சாப்பாடும் ஓய்வும் இதிலேயே அடக்கம். இரவு 8 மணிக்குள் திரும்ப, கடைசியாக எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? "சார், இது எந்தப் பாடத்துக் கணக்கு?" என்றார்கள். அடிப்படையே சரியில்லையோ?

ஒரு கணித ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடிப்படை இருக்கிறது, நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் கேட்ட கேள்வியிலும் தப்பில்லை. 'இருபடிச் சமன்பாடுகள்' என்று தலைப்புப் போட்ட பாடத்தின் கடைசியில் வார்த்தைக் கணக்கு நாலு வந்தால், எக்ஸ் எடுத்துச் சமன்பாடு எழுத வேண்டும் என்பது கணக்கைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஃபூஜிக்குத் தலைப்பு கிடையாது. ஏற 6 மணி நேரம், இறங்க 3 மணி நேரம்; வகுக்கத் தெரிந்தால் போதும். 8 மணியிலிருந்து 9 மணி நேரம் பின்னால் போக வேண்டும் என்பதைத்தான் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

விடை வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 பேர் போக எத்தனை பேருந்து வேண்டும்? 70 விழுக்காட்டினர் சரியாகத்தான் வகுத்தார்கள். ஆனால் 32 என்று சொன்னவர்கள் 23 விழுக்காடு. 29 விழுக்காட்டினர் '31, மீதி 12' என்று எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் வெறும் 31 என்று எழுதி, 12 பேரை ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

நானும் அந்த ரகம்தான். பள்ளியில் வட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன், முதல் பைக் கடனில் '10 சதவீதம், ஃபிளாட் ரேட்' என்றதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி மட்டும் முழுத் தொகைக்கே. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால், 3 வருடத் தவணைக்கு அது ஏறக்குறைய 18 சதவீதம் என்பது கடன் பாதி முடிந்தபோதுதான் உறைத்தது.

2009 பிசா சுற்றில் தமிழ்நாடும் சேர்ந்தது. கணிதத்தில் 351 மதிப்பெண். பிசா வகுத்த அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் சுமார் 15 விழுக்காடுதான். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அடுத்த சுற்றிலிருந்து இந்தியா ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. மலை ஏறி இறங்குவது நமக்கு என்ன புதுசா?

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? பல பாடத்துக் கணக்குகளைக் கலந்து, தலைப்பில்லாமல் கொடுங்கள். சில நாள் விடையே வேண்டாம், எதைக் கண்டுபிடிக்கணும், எந்த எண் தேவையில்லை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். விடை போட்டால், வீட்டில் அப்பாவிடம் சொல்வதுபோல் ஒரு வரியில் எழுதட்டும். 'மீதி 12' என்று எந்தப் பிள்ளையும் அப்பாவிடம் சொல்லாது.

அப்புறம், ஃபூஜியை வெள்ளியங்கிரி என்று மாற்றி இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். 11 மணி என்று எழுதினால், காலையா இரவா என்றும் கேளுங்கள்.