இருட்டு மேகமும் தென் துருவமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருட்டு மேகங்களுக்குள் நட்சத்திரம் பிறக்கிறது என்கிறார்கள். அந்த இருட்டுக்குள் நடப்பது எப்படித் தெரிகிறது?

பதில்: விருச்சிகத்துக்குப் பக்கத்தில் பர்னார்டு 68 என்று ஒரு சின்ன மேகம் இருக்கிறது, சுமார் அரை ஒளியாண்டு அகலம். சாதாரணப் படத்தில் பார்த்தால் நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே மையைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே ஒரு புள்ளி வெளிச்சம்கூடக் கிடையாது. அதே மேகத்தை அகச்சிவப்பில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேகத்துக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பிக்கும். மேகத்தில் இருக்கும் தூசி அவ்வளவு பொடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துவிடும், அலைநீளம் கூடிய அகச்சிவப்பைப் பெருமளவு விட்டுவிடும். இதற்குள் இன்னும் நட்சத்திரம் எதுவும் பிறக்கவில்லை, ஆனால் பிறப்பதற்கு முந்தைய நிலை எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மேகங்களின் உட்பகுதி மைனஸ் 263 டிகிரிக்கு அருகில் இருக்கும். அவ்வளவு குளிர்ந்த பொருளும் மில்லிமீட்டர் அலைகளிலும் அதற்குச் சற்றுக் குறைந்த அலைகளிலும் மங்கலாக ஒளிர்கிறது. மேகத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான், ஆனால் இந்தக் குளிரில் அது வாயே திறக்காது, அதாவது ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அதனால் கூடவே கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடிடம்தான் விசாரிக்க வேண்டும். 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில் 2.6 மில்லிமீட்டர் அலையில் அதைப் பிடித்தார்கள். வாயு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்பதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

கேள்வி: சரி, அதற்கு ஏன் தென் துருவம் வரை போக வேண்டும்? ஆறு மாதம் இருட்டு என்பதாலா?

பதில்: எல்லோரும் இருட்டைத்தான் சொல்கிறார்கள், உண்மையான காரணம் வறட்சி. நான் சொன்ன அலைகளை, அதிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை, விழுங்குவது காற்றில் உள்ள நீராவி. தலைக்கு மேலே இருக்கும் நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் பரப்பினால் நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கடலோரத்தில் மழைக்காலத்தில் 50 மில்லிமீட்டர் நிற்கும். தென் துருவத்தின் குளிர்காலத்தில் அது 0.3 மில்லிமீட்டர் அளவுதான். பனிக்கட்டியின் மேல் 2,800 மீட்டருக்கும் அதிக உயரம், குளிர்காலத்தில் மைனஸ் 60 டிகிரி. அந்தக் குளிரில் காற்றால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது, எல்லாம் உறைந்து பனித்துகளாக உதிர்ந்துவிடும். இந்த வறட்சியை நம்பித்தான் 1995 முதல் 2005 வரை 1.7 மீட்டர் தொலைநோக்கி ஒன்று அங்கே நின்று, பால்வீதியின் மையத்தில் உள்ள வாயுவை வரைபடமாக்கியது.

அகச்சிவப்புக்குக் குளிர் இன்னொரு விதத்தில் உதவுகிறது. சாதாரண இடத்தில் காற்றும் தொலைநோக்கியின் கண்ணாடியும் வெதுவெதுப்பாக இருப்பதால் அவையே அகச்சிவப்பில் ஒளிரும், பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுகிற கதைதான். துருவத்தில் 2.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தையொட்டி வானம் மற்ற இடங்களைவிடப் பல பத்து மடங்கு இருண்டது. அதனால்தான் ஸ்பைரெக்ஸ் என்ற வெறும் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அங்கே நல்ல வேலை செய்ய முடிந்தது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீனின் துண்டுகள் வியாழனில் மோதியபோது, அங்கே வியாழன் அஸ்தமிக்கவே இல்லை என்பதால் அது நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கரீனா நெபுலாவை 3.3 மைக்ரானில் எடுத்தது, புகைக்கரியில் இருப்பதைப் போன்ற மூலக்கூறுகள் இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு ஒளிரும் அலைநீளம் அது. கரீனா அங்கே 60 டிகிரி உயரத்திலேயே சுற்றி வரும், இறங்காது.

குறையும் உண்டு. பால்வீதியில் நமக்கு மிக அருகில் பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் ஓரியன், அங்கே அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரிதான் எழும்பும். தரையை ஒட்டி இருநூறு, முந்நூறு மீட்டர் வரை காற்று கலங்கிக்கொண்டிருப்பதால் சாதாரண ஒளியில் படம் கூர்மையாகவும் வராது. அந்தக் கலங்கிய அடுக்கு அண்டார்டிகாவிலேயே 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கும் டோம் சி என்ற இடத்தில் மிக மெல்லியது, கூர்மையான படம் வேண்டுமென்றால் நான் அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்வெளியிலேயே இருக்கிறதே, இனி இதெல்லாம் எதற்கு?

பதில்: வெப் 28 மைக்ரானோடு நின்றுவிடும், கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அதற்கு எட்டாது. அந்த அலைகளுக்கு சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு ஆல்மா என்ற தொலைநோக்கித் தொகுதி இருக்கிறது. எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தை 2014இல் அது எடுத்த படத்தைப் பாருங்கள், நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி வட்டம் வட்டமாக நிற்கும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

கேள்வி: அந்தக் குளிரில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்?

பதில்: பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் போனால் அக்டோபர் கடைசி வரை வழக்கமான விமானம் கிடையாது, சுமார் 45 பேர் அங்கேயே இருப்பார்கள். தொலைநோக்கிகள் ஆய்வு நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன, இருட்டில் கொடிக்கம்பங்களைப் பார்த்தபடி நடந்துதான் போக வேண்டும். அங்கே உள்ள 10 மீட்டர் தென் துருவத் தொலைநோக்கியைக் கீழே சாய்த்தால் அதன் கருவி அறை கட்டடத்தின் கூரையோடு பொருந்திக்கொள்ளும், உள்ளிருந்தே பழுது பார்க்கலாம். கண்ணாடியில் உறைபனி படியாமல் இருக்கச் சூடேற்றிகள் உண்டு.

2017 ஏப்ரலில் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளோடு சேர்ந்து இந்தத் தென் துருவத் தொலைநோக்கி பால்வீதி மையத்தின் கருந்துளையைப் பார்த்தது. தரவை செயற்கைக்கோள் வழியே அனுப்ப முடியாத அளவு அதிகம் என்பதால் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் வர வேண்டும். அவை குளிர்காலம் முழுவதும் அங்கேயே காத்திருந்து, அமெரிக்காவில் மாசசூசெட்ஸுக்கு வந்து சேர்ந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது.