கேளுங்க சொல்றோம்: ஆயாவோட கார்டன் ரூட் போகலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசி ஸ்கூல் லீவுல அக்கா குடும்பம், தம்பி குடும்பம் எல்லாம் சேந்து 14 பேர் நம்ம தென்னாப்பிரிக்காவோட தெற்குக் கடலோரமா இருக்கிற கார்டன் ரூட் வழியா கேப் டவுன் வரைக்கும் ஒரு வாரம் போறோம். ஆயாவுக்கு முட்டி வலி, படகுல ஏற மாட்டாங்க, புரட்டாசி விரதம் வேற. அவங்களுக்கு யானையும் திமிங்கிலமும் காட்டணும், முடியுமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமா முடியும்மா, நீங்க போற மாசமும் நல்ல மாசம்தான். ஆனா டர்பன்ல இருந்தே வண்டி எடுக்காதீங்க. கெபேர்ஹா, அதாவது பழைய போர்ட் எலிசபெத் போய்ச் சேரவே என்2 நெடுஞ்சாலைல 900 கிலோமீட்டருக்கு மேல ஆகும், வழியில ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துப் பக்கம் இருட்டினப்புறம் நடுரோட்டுல மாடு நிக்கும், ஆயாவ வச்சிக்கிட்டு அந்த ரிஸ்க் வேண்டாம். அதுவரைக்கும் பிளேன்ல போய் அங்க ரெண்டு கோம்பி (மினி பஸ்) வாடகைக்கு எடுத்துக்கோங்க, கேப் டவுன்ல விடுறதுக்குத் தனியா எவ்ளோன்னு முன்னாடியே கேட்டு வச்சிருங்க.

முதல் ரெண்டு ராத்திரி ஆடோ யானைப் பூங்கா. 1931ல பூங்கா ஆரம்பிச்சப்போ அங்க இருந்தது வெறும் 11 யானை, இப்போ 600க்கு மேல. ஆயா வண்டிய விட்டு இறங்கவே வேண்டாம், யாரும் இறங்கவும் கூடாது. ஹாப்பூர் குளத்துகிட்ட எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் பொறுமையா உக்காருங்க, வெயில் ஏற ஏற கூட்டம் கூட்டமா தண்ணி குடிக்க வரும், குட்டிங்க அம்மா காலுக்கு நடுவுல புகுந்து புகுந்து வரும். அங்க பொம்பள யானைங்கள்ல முக்கால்வாசிக்கு மேல தந்தமே இருக்காது, பசங்களுக்குக் காட்டுங்க. ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் உள்ள கொண்டு போகக்கூடாது, பூஜைக்கு வாங்கினதா இருந்தாலும் சரி. ஒரு காலத்துல பூங்காக்காரங்களே ஆரஞ்சு போட்டுப் பழக்கினதால அந்த வாசனைக்கு யானை வண்டிகிட்ட வந்துரும்னு பயம்.

அடுத்து ஸ்டார்ம்ஸ் ரிவர்ல ஒரு ராத்திரி, இளவட்டங்க 77 மீட்டர் தொங்கு பாலத்துக்கு நடந்து போயிட்டு வரட்டும். நைஸ்னால ஒரு ராத்திரி. ஊட்ஷோர்ன் தீக்கோழிப் பண்ணைய விட்டுருங்க, அதுக்கு மலை தாண்டி உள்ள போகணும், அந்த நேரத்த கடலோர ஊரான ஹெர்மானஸுக்குக் குடுங்க, அங்கதான் ரெண்டு ராத்திரி தங்கணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் தெற்கு ரைட் திமிங்கிலம் குட்டி போட அங்க வரும், பாறை மேல நடைபாதை இருக்கு, பெஞ்சும் இருக்கு, உக்காந்த இடத்துலயே பாக்கலாம். தண்ணி இங்கிலீஷ் 'V' எழுத்து மாதிரி ரெண்டு பக்கமா பீச்சி அடிச்சா அதுதான். பெர்மிட் இல்லாத படகு 300 மீட்டருக்குள்ள கிட்ட போகவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா திமிங்கிலமே சில நாள் பாறைக்குக் கீழ வந்துரும், அதனால ஆயா படகுல ஏறலன்னு வருத்தமே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு, சமையல்கட்டு உள்ள ரூமா புக் பண்ணுங்க, ஆடோவுலயும் ஸ்டார்ம்ஸ் ரிவர்லயும் பூங்கா கேம்ப்லயே கிடைக்கும். பருப்பு, புளி, பொடி எல்லாம் டர்பன்லயே கட்டிக்கோங்க. அங்க இருக்கிற சட்டில கறி ஆக்கியிருப்பாங்க, விரதத்துக்கு ஆயாவோட சின்ன சட்டி ஒண்ணு கண்டிப்பா பெட்டில இருக்கட்டும்.

கேள்வி: பெங்குவின் பக்கத்துல நின்னு, தொட்டு போட்டோ எடுக்க விடுவாங்களா?
- வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: விட மாட்டாங்க, தயவுசெஞ்சு முயற்சியும் பண்ணாதீங்க. ஆப்பிரிக்கப் பெங்குவின் அழியுற விளிம்புல இருக்குன்னு 2024 அக்டோபர்லதான் அறிவிச்சாங்க. அதுங்க திங்கிற மத்தி, நெத்திலி கடல்ல குறைஞ்சு போனது அதுக்குப் பெரிய காரணம். நாம கிட்ட போனா மிரண்டு முட்டைய விட்டு எந்திரிச்சிரும், அந்த நேரம் பாத்து கடல் புறா முட்டையத் தூக்கிரும். அலகும் கூர்மை, கடிச்சா ரத்தம் வரும். கேப் டவுன்கிட்ட பௌல்டர்ஸ் பீச்சுல 1982ல ரெண்டே ஜோடியா வந்து குடியேறினதுங்க, ஆனா அங்க பாக்க வர்ற ஜனக்கூட்டம் ஜாஸ்தி. ஹெர்மானஸ்ல இருந்து கேப் டவுன் வர்றவங்க பெட்டிஸ் பே ஊர்ல ஸ்டோனி பாயிண்ட்ல நிறுத்துங்க, மரப்பலகை நடைபாதைல நின்னாலே ரெண்டடி தூரத்துல கழுதை மாதிரி கத்திக்கிட்டு நடந்து போகும், மொபைல் போட்டோவே நல்லா வரும். அங்கருந்து ஆர்44 ரோடு கடல ஒட்டியே போகும், பகல்லயே ஓட்டிருங்க. கிளம்புறப்போ வண்டிக்கு அடில ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு எடுங்க, பெங்குவின் நிழலுக்கு அங்கதான் ஒதுங்கும்.