பாட்டி பார்க்கும் தொடரும் பேத்தியின் பொம்மை விளையாட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்குப் போடும் டிவி இரவு ஒன்பதரை வரை ஓடும். எல்லாம் மாமியார் பார்க்கும் தொடர்கள். மாமனார் தவறிய பிறகு அவருக்கு அதுதான் துணை என்பதால் நான் எதுவும் சொன்னதில்லை. போன வாரம் என் 7 வயது மகள் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மை இன்னொரு பொம்மையிடம், "இந்த வீட்டை விட்டு வெளியே போ, இனிமே இது என் வீடு" என்றது. அந்தக் குரலும் கையை நீட்டிய விதமும் அப்படியே தொடரில் வருவது. எனக்குத் திக்கென்றது. கேபிளை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். டிவியில் பார்ப்பதை மனிதர்கள் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்களா? நாங்கள் என்ன செய்யலாம்?

ம., புதுக்கோட்டை

*

அன்புள்ள ம.,

கேபிளை எடுக்க வேண்டாம். எடுத்தால் அந்த வீட்டில் முதலில் தனியாகிப்போவது உங்கள் மாமியார். ஆனால் உங்களுக்குத் திக்கென்றது நியாயம்தான். டிவியிலிருந்து மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள், நிறையவே. எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டி ஒரு சிமென்ட் மேடை, அதன் மேல் இரும்புக் கதவு போட்ட பெட்டி, உள்ளே டிவி. சாயங்காலம் சாவிக்காரர் வந்து திறப்பார். 'வயலும் வாழ்வும்' வரும்போது தாத்தாவும் அவர் சேக்காளிகளும் துண்டை விரித்து முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். உரம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று எல்லாம் விவரமாகச் சொல்வார்கள். "அதெல்லாம் தஞ்சாவூர்க்காரனுக்கு, நம்ம செவக்காட்டுக்கு ஆகாது" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார் தாத்தா. அதைப் பார்த்து அவர் விவசாயத்தில் எதையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. மாறியது அப்பத்தாதான். அதுவரை அவருக்கு நேரம் என்றால் மாடு திரும்புற நேரம், கோழி அடையுற நேரம். ஒரே வருடத்தில் அது 'நியூஸுக்கு முன்னாடி', 'நியூஸ் முடிஞ்சப்புறம்' என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதுகூட 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்குள் முடிந்துவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சித்தி வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கம். தூர்தர்ஷன் சரியாக எட்டாத காலத்தில் அங்கே உயரமான ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்ப்பார்கள். 1982இல் தொடங்கிய நிலையம் அது. விடுமுறைக்குப் போனால் சித்தி பிள்ளைகள் வாசலில் நின்று கை கூப்பி "ஆயுபோவன்" என்பார்கள். வேறு ஒரு வார்த்தை சிங்களம் தெரியாது. ஆனால் கை கூப்பும்போது தலை சாயும் கோணம் வரை சரியாக இருக்கும்.

பிறகு ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வானிலை பேசினார்கள். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் மழைக்காலம் முழுக்க டிவியில் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. பள்ளிக்கூடமே போகாத என் அத்தை, "இது வெறும் தாழ்வு நிலைதான், மண்டலமா மாறினாத்தான் மழை" என்று கொடியில் துணி காயப்போடுவார். பாடப்புத்தகம் செய்யாததை ஒரு மனிதரின் முகமும் நிதானமான குரலும் செய்தன. எனக்கு இன்றும் அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

திட்டம் போட்டு மக்களுக்குக் கற்பிக்க முயன்ற கதையும் உண்டு. 1984இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' இந்தித் தொடர். குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் கதை வழியாகச் சொல்வது அதன் நோக்கம். மெக்சிகோவில் மிகெல் சாபிதோ தொடர்கள் எடுத்த முறையிலிருந்து வந்த யோசனை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய கதையில் நாம் யோசிக்க வேண்டியது என்ன என்று பேசுவார். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. அந்தக் குடும்பத்தின் அம்மா பாகவந்தி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தேய்கிறவள். இப்படி இருக்காதீர்கள் என்று காட்டத்தான் அவளை எழுதினார்கள். அப்புறம் ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, இவளைப் போலத்தான் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சொன்ன பார்வையாளர்கள் நிறையப் பேர். அவர்களில் பெண்களும் உண்டு.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா ஆகிய மாநிலக் கிராமங்களில் எடுத்த விவரங்களை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை 2009இல் வெளியிட்டார்கள். கேபிள் புதிதாக வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பதும் குறைந்திருந்தது. வீட்டு முடிவுகளில் தங்கள் பேச்சும் எடுபடுகிறது என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் கணக்கிட்ட முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அது இருக்கட்டும். அந்தக் காலத்துத் தொடர்களை நினைத்துப் பாருங்கள். அழுகை, சூழ்ச்சி, மாமியார் கொடுமை. அதில் இதையெல்லாம் எங்கே கற்றார்கள்? கதையின் ஓரத்தில் என்றுதான் நினைக்கிறேன். அழுதுகொண்டே இருந்தாலும் அந்தப் பெண் வேலைக்குப் போனாள், தனியாக ஆட்டோ பிடித்தாள், செக்கில் கையெழுத்துப் போட்டாள். அதையெல்லாம் அந்தக் கதையில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். "வெளியே போ" என்ற வசனத்துக்காக நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். அது அவள் காதில் உரக்க விழுந்தது, விளையாட்டில் உரக்க வெளியே வந்தது. உங்கள் கண்ணிலும் பட்டுவிட்டது. குழந்தைகள் மனதில் தங்கிய எதையும் விளையாடித்தான் பார்ப்பார்கள். நான் கவலைப்படுவது அந்த மூன்று மணி நேரத்தில் சத்தமில்லாமல் வருவதைப் பற்றி. அங்கே நல்லவள் பெரும்பாலும் சிவப்பாக இருப்பாள். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பது அன்றாட வேலை மாதிரி நடக்கும். எவ்வளவு பெரிய வீடானாலும் யாரும் பாத்திரம் கழுவிப் பார்த்திருக்க மாட்டோம். ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் துரத்தினால் அன்று ராத்திரி அவள் எங்கே படுத்தாள் என்பதைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். உங்கள் மகள் படம் வரைவாள் இல்லையா? நல்ல பெண்ணுக்கு அவள் எந்தக் கிரேயான் எடுக்கிறாள் என்று ஒருநாள் கவனியுங்கள்.

அமெரிக்காவில் 1969இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள், பெரியவர்களும் ரசிக்கிற மாதிரியான பாட்டையும் வேடிக்கையையும் பிரபலங்களையும் வேண்டுமென்றே அதில் சேர்த்தார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை கூடுதலாகக் கற்றுக்கொள்ளும் என்ற எண்ணம்தான். உங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் ஏற்கனவே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மூன்று பேரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

தினமும் முடியாது, அடுப்படி வேலை இருக்கும், தெரியும். வாரத்தில் இரண்டு நாள், ஒரே ஒரு தொடருக்கு நீங்களும் போய் உட்காருங்கள். வெங்காயத்தை அங்கேயே கொண்டுபோய் உரிக்கலாம். மகள் அந்தப் பொம்மையைத் திரும்பத் துரத்தினால் திட்ட வேண்டாம். "அப்புறம் அது எங்கே போச்சு? சாப்பிட்டுச்சா?" என்று கேளுங்கள். மாமியாரிடமும், தொடரில் யாராவது யாரையாவது வெளியே போகச் சொல்லும்போது, "உங்க காலத்துல இப்படி நடந்திருந்தா நீங்க என்ன அத்தை செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விளம்பர இடைவேளையில் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள், பேத்தியும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.