ஒப்பந்தக் காலம் முடியுமுன் வீட்டைக் காலி செய்தால் முன்பணம் என்ன ஆகும்?

கேள்வி: பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டுக்கு வந்து ஐந்து மாதங்கள் முடிந்துவிட்டன. எதிர்பாராத பணி மாற்றத்தால் அடுத்த மாத இறுதியில் வேறு ஊருக்குச் செல்ல வேண்டும். மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் காலி செய்யலாம் என்று ஒப்பந்தத்தின் ஒரு பத்தி சொல்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் வெளியேறினால் முன்பணத்தில் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று இன்னொரு பத்தி சொல்கிறது. வீட்டு உரிமையாளரோ, மீதி மாதங்களின் வாடகையையும் தர வேண்டும் என்கிறார். எவ்வளவு பணத்தை நான் இழக்க நேரும்? கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படிச் செய்யாதீர்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, வாடகையை நிறுத்திய அன்றே ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். அதன் பிறகு பேச்சுவார்த்தையில் உங்கள் கை தாழ்ந்துவிடும். கணக்கில் பாக்கி எதுவும் இல்லாத வாடகைதாரர் கேட்கும் சலுகைக்குத்தான் மதிப்பு உண்டு.

நீங்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடிய கணக்கு முறையைச் சொல்கிறேன். உங்கள் மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முன்பணம் 300. அடுத்த மாதம் முன்னறிவிப்பு மாதமாகக் கழிந்து, அதன் வாடகையையும் நீங்கள் செலுத்திவிட்டால், ஒப்பந்தத்தில் மீதமிருப்பது ஆறு மாதம், அதாவது 600. உரிமையாளர் முன்பணத்தை எடுத்துக்கொண்டு மீதி வாடகையையும் வாங்கினால், குடியில்லாத வீட்டுக்கு நீங்கள் கொடுப்பது 900 ஆகிவிடும். அதே வீட்டில் வேறொருவரைக் குடிவைத்து அவரிடமும் அவர் வாடகை வாங்கினால், ஒரே மாதத்துக்கு இரண்டு வாடகை வாங்கியவர் ஆகிறார்.

ஆகவே, இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உரிமையாளருக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்? பல நாடுகளின் சட்டம் இந்தக் கேள்வியையே அடிப்படையாகக் கொள்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை அபராதமாகக் குறிக்கப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். குறித்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம், முன்கூட்டி வெளியேறுவதற்கான கட்டணம் உரிமையாளருக்கு ஏற்பட்ட இழப்பைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் ஒப்பந்தத்தின் முன்பணப் பத்தியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். அந்தப் பத்தியே செல்லாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் சென்றபின் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்து, பிறகு ஆள் வந்தால், உரிமையாளரின் வாடகை இழப்பு 100. புதியவரைக் கொண்டுவரத் தரகருக்கு அவர் இன்னொரு 100 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை முழுவதும் உங்கள் தலையில் கட்டுவது சரியல்ல. பன்னிரண்டு மாதம் முடிந்து நீங்கள் போயிருந்தாலும் அந்தச் செலவை அவர் செய்துதான் இருப்பார். அது ஆறு மாதம் முன்னதாக வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே பாதி, அதாவது 50, உங்கள் பங்கு என்று வாதிடலாம். சுத்தம் செய்வதற்கும் சில்லறைப் பழுதுக்கும் 10 என்றால், மொத்தம் 160. முன்பணத்திலிருந்து 140 திரும்ப வேண்டும். சந்தை இறங்கி, புதியவர் 95-தான் தருகிறார் என்றால், மீதி ஐந்து மாதங்களுக்கு மாதம் 5 வீதம் 25 கூடும். அப்போது திரும்ப வேண்டியது 115.

இந்தக் கணக்கில் பெரிய தொகை வீடு காலியாகக் கிடக்கும் காலம்தான். அதைக் குறைப்பது பெருமளவு உங்கள் கையிலேயே இருக்கிறது. இன்றே கடிதம் கொடுத்து, வீடு பார்க்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்தவர்களில் தகுதியான இரண்டு பேரை நீங்களே அழைத்துக்கொண்டு போய் நிறுத்துங்கள். பழைய உரிமையாளரின் பரிந்துரையும் வருமானச் சான்றும் கையில் உள்ள ஒருவரைக் காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்துவிட்டு, வீடு நான்கு மாதம் காலியாகக் கிடந்தது என்று பின்னால் உங்களிடம் பணம் கேட்டால், நட்டத்தைக் குறைக்க முயலாதவர் என்ற பழி உரிமையாளர்மேல்தான் விழும். ஆனால் புதியவர் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பெயரிலுள்ள ஒப்பந்தத்தின் கீழ் அவரை உள்வாடகைக்கு வைத்தால், அவர் வைக்கும் பாக்கிக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள்.

பலர் சறுக்கும் இன்னொரு இடம், முன்கூட்டிச் செலுத்திய வாடகை. மாதத்தின் முதல் நாளே வாடகையைக் கொடுத்துவிட்டு 18-ஆம் தேதி சாவியை ஒப்படைத்தால், மீதி 12 நாளுக்கு 40 திரும்ப வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் அது வராமல் போகலாம். 2015 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் மூன்று மாத வாடகையை முன்னதாகச் செலுத்திவிட்டு, ஒப்பந்தம் அனுமதித்தபடியே காலாண்டின் நடுவில் குத்தகையை முடித்துக்கொண்டு, மீதி நாட்களின் வாடகையைத் திருப்பிக் கேட்டது. அப்படி ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இல்லாததால் பணம் கிடைக்கவில்லை. சட்ட ஆலோசகர்கள் புடைசூழ்ந்த நிறுவனத்துக்கே அந்த நிலை. எனவே உங்கள் வெளியேறும் தேதியை வாடகை மாதத்தின் கடைசி நாளோடு பொருத்திவிடுங்கள்.

சுவர் வண்ணம், தேய்மானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிடித்தம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆறு மாதக் குடியிருப்பில் சுவர் இயல்பாக மங்குவது உரிமையாளர் செலவு. நீங்கள் அடித்த ஆணியால் ஒரு சுவர் பெயர்ந்திருந்தால் அந்தச் சுவர் உங்கள் செலவு, வீடு முழுவதற்கான வண்ணப்பூச்சு அல்ல. சாவி கொடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையையும் படமெடுங்கள். மின்சார மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், அதே அளவை உரிமையாளர் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டில் ஒரு வரி. பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால் அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். வங்கியில் வாடகைக்காக வைத்த தானியங்கிப் பட்டுவாடாவைக் கடைசி வாடகை போனபின், சாவி கை மாறியபின் நிறுத்துங்கள்.

எவ்வளவுக்கு இறங்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. கணக்கு 160 என்று வந்தாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் 200 வரை விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்வேன். வேறு ஊரிலிருந்துகொண்டு 40-க்காக வழக்கறிஞர் கடிதமும் பயணமும் செய்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மாறாக, 300-ஐயும் வைத்துக்கொண்டு மீதி வாடகையும் கேட்கிறார் என்றால், உள்ளூர் வாடகை வழக்கறிஞர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து ஒப்பந்தத்தைக் காட்டுவது வீண்செலவு ஆகாது. உங்களை மாற்றிய நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள். இடமாற்றப் படியில் வாடகை இழப்பையும் சேர்க்கச் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன, ஆனால் உரிமையாளர் கையெழுத்திட்ட கணக்குச்சீட்டு இல்லாமல் எந்தக் கணக்குப் பிரிவும் அதை ஏற்காது.

பேசி முடித்ததும், வாய்ப்பேச்சோடு விடாமல் இவ்வளவையாவது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: "இன்ன தேதியில் சாவி ஒப்படைக்கப்பட்டது. முன்பணம் 300-இல் 200 இழப்பீடாகக் கழிக்கப்பட்டது. மீதி 100, இன்ன தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. இதன் பேரில் ஒருவருக்கொருவர் வேறு பாக்கி இல்லை." கடைசி வரியை விட்டுவிட்டால் மீதி ஆறு மாதப் பேச்சு மறுபடியும் எழும். திருப்பித் தரும் தேதியையும் விடாதீர்கள்: கலிபோர்னியா போன்ற இடங்களில் 21 நாளுக்குள் பிடித்தக் கணக்கோடு தர வேண்டும் என்று சட்டமே காலக்கெடு வைத்திருக்கிறது, அப்படி இல்லாத இடத்தில் நீங்கள் எழுதி வாங்கும் தேதிதான் கெடு.